சங்கத்து இணையத்தளத்தின் நிறம் எந்தக் கோப்பில் இருக்கிறது?

புலம்பெயர் நாடுகளில் இயங்கும் எங்கள் ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், தமிழ்ப் பாடசாலைகள் பலவற்றுக்கு இன்று ஓர் இணையத்தளம் உண்டு. அதைச் செய்தவர் அநேகமாக நிர்வாகசபை உறுப்பினர் ஒருவரின் மகனாகவோ மகளாகவோ இருப்பார். பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் காலத்தில் தொண்டாகச் செய்து கொடுத்திருப்பார். பிறகு வேலை, வேறு நகரம், கல்யாணம். சில வருடங்கள் கழித்து ஆண்டுவிழாவுக்காகத் தளத்தைப் புதுப்பிக்கப் போனால், புதிதாக வரும் பிள்ளை உள்ளே பார்த்துவிட்டு, "இதைத் திருத்துறதைவிட முழுக்கத் திரும்பச் செய்யிறது சுகம்" என்று சொல்லும்.

அப்படித் திரும்பச் செய்யும்போது பழைய செய்திகளும் படங்களும் எப்படியோ வந்து சேர்ந்துவிடும். வராமல் போவது வேறு சில: பாடசாலைக் கொடியில் உள்ள சரியான சிவப்பு, தமிழ் எழுத்துகள் முட்டிக்கொள்ளாத வரி இடைவெளி, அப்பம்மா கண்ணாடி போட்டு வாசிக்கக்கூடிய எழுத்தளவு. இவை ஒவ்வொன்றும் யாரோ கூட்டத்தில் வாதாடி எடுத்த முடிவு. அந்த முடிவுகளில் பெரும்பகுதி ஒரே கோப்பில் எழுதப்பட்டிருக்கும். அதை வெளியே எடுத்து, அடுத்த தளத்துக்கும் கைப்பேசிச் செயலிக்கும் விழா அழைப்பிதழுக்கும் பாவிக்கும் வழியைத்தான் இங்கே விளக்கப் போகிறேன். வீட்டில் கணினி படிக்கும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் இருத்தி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

இணையப் பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் மொழி சிஎஸ்எஸ். அதை வெறுமனே எழுதாமல், முன்கூட்டியே செய்துவைத்த சிறு துண்டுகளைக் கோர்த்து எழுத உதவும் சட்டகங்கள் பல உண்டு. இளையவர்களிடம் இப்போது அதிகம் புழங்குவது டெயில்விண்ட். அடம் வாதன் என்பவரும் கூட்டாளிகளும் 2017இல் வெளியிட்டது. இதில் தளத்துக்கென்று உரிய நிறங்கள், எழுத்துருக்கள், அளவுகள், இடைவெளிகள் எல்லாம் 'டெயில்விண்ட் டொட் கொன்ஃபிக் டொட் ஜேஎஸ்' என்ற அமைப்புக் கோப்பில் குறிக்கப்படும். மூன்றாம் பதிப்பு வரையில் இதுதான் வழமை.

இனி டோக்கன். ஆசுபத்திரியில் 27 என்று ஒரு துண்டு தருகிறார்கள். அந்த 27 உங்களை வர்ணிப்பதில்லை. உங்களுக்குப் பதிலாக நிற்கிறது. வடிவமைப்பு டோக்கனும் அப்படித்தான். ஒரு பெறுமதிக்குப் பதிலாக ஒரு பெயர். 'முதன்மை நிறம்' என்ற பெயர் எல்லா இடத்திலும் நிற்கும். அதன் பெறுமதி ஓரிடத்தில் மட்டும் இருக்கும். அமெரிக்காவின் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனத்தில் இணையம், அன்ட்ரொயிட், ஐபோன் என்று பல இடங்களில் ஒரே தோற்றத்தைக் காக்க வேண்டி வந்தபோது, அங்கே வேலை செய்த வடிவமைப்பாளர்கள் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் இது.

பாமினி எழுத்துருக் காலத்தைக் கண்டவர்களுக்கு இதன் அருமை விளங்கும். எழுத்துரு இல்லாத கணினியில் பாமினிக் கட்டுரையைத் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பை தெரியும். உள்ளடக்கம் ஒரு கருவியோடு ஒட்டிக் கிடந்ததுதான் காரணம். டெயில்விண்ட் கோப்புக்குள் மட்டும் கிடக்கும் நிறங்களும் அதே நிலைமையில்தான் இருக்கின்றன.

கோப்பைத் திறந்து நிறங்களைக் கையால் பிரதி எடுத்தால் போதாதா என்று கேட்கலாம். சிறிய கோப்பு என்றால் போதும். ஆனால் அது ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நிரல். ஒரு பெறுமதி இன்னொன்றைப் பார்த்துக் கணிக்கப்பட்டிருக்கலாம். செருகிகள் சேர்த்தவையும் இருக்கலாம். இன்னொரு சிக்கலும் உண்டு. 'தீம்' என்ற பகுதிக்குள் நிறங்களை நேரடியாக எழுதினால் டெயில்விண்டின் சொந்த நிறங்கள் அத்தனையும் அழிந்து உங்களுடையவை மட்டும் நிற்கும். அதற்குள் 'எக்ஸ்டெண்ட்' என்ற உட்பகுதியில் எழுதினால் அவற்றோடு உங்களுடையவையும் சேரும். கண்ணால் பார்த்து எது எஞ்சியது என்று சொல்வது கடினம்.

இதற்காகவே மூன்றாம் பதிப்பில் 'ரிசோல்வ் கொன்ஃபிக்' என்ற செயற்கூறு இருக்கிறது. உங்கள் கோப்பை அதற்குக் கொடுத்தால், எல்லாம் சேர்ந்த இறுதி வடிவத்தைத் திருப்பித் தரும். அதை அப்படியே எடுத்து வைத்துக்கொள்வதுதான் பலரும் செய்வது. எனக்கு அது சரியாகப் படவில்லை. மூன்றாம் பதிப்பின் பிந்திய வெளியீடுகளில் 22 நிறக் குடும்பங்கள், ஒவ்வொன்றிலும் 11 சாயல்கள், மொத்தம் 242. பாடசாலைத் தளம் ஒன்றுக்கு 242 நிறம் எதற்கு? வெற்று அமைப்பு ஒன்றையும் அதே செயற்கூற்றுக்குக் கொடுங்கள். இரண்டு விடைகளையும் ஒப்பிட்டு வேறுபடுபவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவைதான் உங்கள் சங்கம் எடுத்த முடிவுகள்.

அதோடு வேலை முடியாது. டெயில்விண்டின் சொந்த நிறத்தையே சங்கத்தின் நிறமாகப் பாவித்திருக்கலாம். அது இந்த ஒப்பீட்டில் அகப்படாது. அவசரத்தில் பக்கத்துக்குள்ளேயே சதுர அடைப்புக்குள் ஒரு நிறத்தை எழுதிவிட்டுப் போகும் வசதியும் டெயில்விண்டில் உண்டு. அது அமைப்புக் கோப்புக்கு வருவதே இல்லை. ஆகவே பக்கங்கள் முழுவதிலும் ஒரு தேடல் போட்டு, எந்த நிற வகுப்புகள் எத்தனை தரம் வருகின்றன என்றும், சதுர அடைப்புகள் எங்கே இருக்கின்றன என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். என் கணிப்பில், உண்மையான வேலை இந்தத் தேடலில்தான் இருக்கிறது.

எடுத்தவற்றுக்குப் பெயர் வைப்பது அடுத்தது. டெயில்விண்டின் மூன்றாம் பதிப்பில் 'ரெட் 700' என்றால் சிவப்பு 185, பச்சை 28, நீலம் 28 சேர்ந்த ஒரு கடுஞ்சிவப்பு. அதே நிறம் கலைவிழா நுழைவுச்சீட்டுப் பொத்தானிலும் இருக்கிறது, மரண அறிவித்தலைச் சுற்றிய கரையிலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மரண அறிவித்தலில் சிவப்பு வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னால், எந்தச் சிவப்பு எதற்கானது என்று ஒவ்வொரு பக்கமாகத் தேட வேண்டியிருக்கும். 'அறிவித்தல் கரை நிறம்' என்று ஒரு டோக்கனும் 'பொத்தான் நிறம்' என்று இன்னொன்றும் இருந்தால், முதலாவதன் பெறுமதியை ஓரிடத்தில் மாற்றினால் காரியம் முடிந்தது. இரண்டும் இன்று ஒரே நிறமாக இருக்கலாம். அவற்றின் வேலை ஒன்றல்ல.

எழுத்தளவுகளில் எங்களுக்கென்று ஒரு தனிப் பிரச்சினை இருக்கிறது. டெயில்விண்டில் ஒவ்வொரு எழுத்தளவோடும் ஒரு வரி உயரம் சேர்ந்தே வரும். சாதாரண அளவான 16 பிக்சலுக்கு 24 பிக்சல். ஆனால் 48 பிக்சலும் அதற்கு மேலும் உள்ள பெரிய தலைப்புகளுக்கு வரி உயரம் 1, அதாவது எழுத்தின் அளவேதான். ஆங்கிலத் தலைப்புக்கு அது எடுப்பாக இருக்கும். தமிழில் மேலே கிகரச் சுழியும் புள்ளியும், கீழே குகர, கூகார வால்களும் உண்டு. கைப்பேசியில் தலைப்பு இரண்டு வரியாக மடிந்ததும் மேல்வரியின் வால் கீழ்வரியின் சுழியில் போய் முட்டும். தமிழ்த் தலைப்புக்கு 1.35, உடல் எழுத்துக்கு 1.7 அளவில் வைத்தால் எனக்குக் கண்ணுக்கு இதமாக இருக்கிறது. எழுத்துருவைப் பொறுத்து இது கொஞ்சம் மாறும். டெயில்விண்டின் இயல்பான எழுத்துருப் பட்டியலில் தமிழுக்கென்று எதுவும் பெயர் குறிக்கப்படவில்லை. கருவி எதை வைத்திருக்கிறதோ அதுதான் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றை டோக்கனிலேயே பெயர் சொல்லி எழுதிவிடுங்கள். பெயர்த்தெடுக்கும்போது அளவும் வரி உயரமும் ஒரே சோடியாகத்தான் வரும். அவற்றை இரண்டு டோக்கனாகப் பிரித்தால் தமிழுக்கு வேறு, ஆங்கிலத்துக்கு வேறு என்று வைக்கலாம்.

நிறப் பொருத்தத்தையும் இந்த நேரத்திலேயே பார்த்துவிடலாம். இணைய அணுகல் நெறிமுறைப்படி சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையில் குறைந்தது 4.5க்கு 1 வேறுபாடு வேண்டும். திகதி, இடம் எழுத இளையவர்கள் விரும்பும் 'கிரே 400' வெள்ளைப் பின்னணியில் ஏறக்குறைய 2.5தான். அந்தியேட்டி எங்கே, எத்தனை மணிக்கு என்ற வரியை அந்த மங்கல் சாம்பலில் எழுதினால் வாசிக்க வேண்டியவர்களே வாசிக்க முடியாது. 'கிரே 500' 4.8ஐத் தாண்டுகிறது. ஒரு படிதான் வித்தியாசம்.

2025 ஜனவரியில் வந்த நான்காம் பதிப்பு நிலைமையை மாற்றிவிட்டது. ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு இனி கட்டாயமில்லை. பெறுமதிகள் சிஎஸ்எஸ் கோப்புக்குள்ளேயே 'தீம்' என்ற பகுதியில் மாறிகளாக எழுதப்படுகின்றன. ரிசோல்வ் கொன்ஃபிக் நீக்கப்பட்டது. புதிய தளம் என்றால் வேலை மிகச் சுலபம், அந்தப் பகுதி தானே டோக்கன் பட்டியல். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பக்கங்களில் பாவிக்கப்பட்ட மாறிகளே வெளியீட்டில் வரும். எல்லாமே வேண்டுமென்றால் அந்தப் பகுதிக்கு 'ஸ்டாடிக்' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும்.

எடுத்ததை எந்த வடிவில் வைப்பது? ஜேசன் கோப்பாக வைப்பதே நல்லது. டோக்கன்களுக்கான பொது வடிவமொன்றை டபிள்யூ3சியின் கீழ் இயங்கும் சமூகக் குழு வகுத்திருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் கீழே பெறுமதியும் வகையும் இருக்கும். விளக்கக் குறிப்பும் எழுதலாம். அந்தக் குறிப்பில் 'கொடியிலிருந்து எடுத்த சிவப்பு, மாற்றுவதென்றால் நிர்வாகசபையைக் கேட்கவும்' என்று தமிழிலேயே எழுதி வைக்கலாம். அமேசன் வெளியிட்ட இலவசக் கருவியான ஸ்டைல் டிக்ஷனரி இந்தக் கோப்பை வாசித்து இணையத்துக்கு, அன்ட்ரொயிட்டுக்கு, ஐபோனுக்கு என்று தனித்தனியாக எழுதித் தரும்.

ஒரு சிறிய சங்கத்துக்கு 30 அல்லது 40 டோக்கன் தாராளம். அச்செடுத்தால் இரண்டு பக்கத்துக்குள் அடங்கும். அந்தக் கோப்பை, தளத்தைச் செய்த பிள்ளையின் சொந்தக் கணக்கில் விடாமல் சங்கத்தின் பெயரில் உள்ள கணக்கில் வையுங்கள். புதிய நிர்வாகசபை பொறுப்பேற்கும் நாளில் வங்கிப் புத்தகம், மண்டபத் திறப்பு, தளத்தின் கடவுச்சொல் ஆகியவற்றோடு அந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கொடுக்கலாம்.