மூளை வரைபடமும் பெயரற்ற குரங்கும்

சர்தார் படேல் சாலையை ஒட்டியிருக்கும் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் நாட்டுக் குரங்குகள் உண்டு. விடுதி ஜன்னல் திறந்து கிடந்தால் உள்ளே வந்து கிடைத்ததை எடுத்துக்கொண்டு போகும். அதே வளாகத்தில் 2022-இல் தொடங்கப்பட்ட சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், 2024 டிசம்பரில் ‘தரணி’ என்ற பெயரில் ஒரு வரைபடத் தொகுப்பை வெளியிட்டது. கருவில் 14 வாரம் முதல் 24 வாரம் வரை வளர்ந்து உயிர் நீங்கிய ஐந்து சிசுக்களின் மூளைகள்; 5132 சீவல்கள்; செல் அளவுக்குத் துல்லியமான படங்கள். மயிலாப்பூரின் மெடிஸ்கேன் நிறுவனமும் சவீதா மருத்துவக் கல்லூரியும் மருத்துவத் தரப்பில் துணைநின்றன. பத்திரிகைகள் சாதனை என்று எழுதின. சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால், ‘மனித மூளை வரைபடம்’ என்று பொதுவாக நாம் சொல்லிக்கொள்கிற அறிவில் மனிதனிடமிருந்து பெற்றது எவ்வளவு, குரங்கிடம் வாங்கிய கடன் எவ்வளவு என்ற கேள்வி இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்தக் கடனைப் பற்றியது.

கடன் பழையது. டேவிட் ஃபெரியர் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1870-களில் குரங்கின் மூளையை மின்சாரத்தால் தொட்டு, எந்த இடத்தைத் தொட்டால் கை அசைகிறது, எந்த இடத்தைத் தொட்டால் முகம் சுளிக்கிறது என்று வட்டங்கள் போட்டுக் குறித்தார். 1876-இல் வெளியான அவர் புத்தகத்தில், அந்த வட்டங்களை அப்படியே பெயர்த்து மனித மூளைப் படத்தின்மேல் வைத்தார். குரங்கிடம் கண்டது மனிதனுக்கும் பொருந்தும் என்ற அனுமானம்தான் அந்தப் படத்துக்கு ஆதாரம். 1881-இல் மிருகவதைச் சட்டத்தின்கீழ் அவர்மேல் வழக்கு வந்தது. அறுவை செய்தவர் உரிமம் பெற்ற இன்னொருவர் என்று தெரியவந்து, வழக்கு நிற்கவில்லை. மூளை வரைபடமும் அதற்கான எதிர்ப்பும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே காலத்தில் பிறந்தவை என்பது கவனத்துக்குரியது.

பிறகு ஜெர்மனியில் கோர்பினியன் பிராட்மன் 1909-இல், செல்களின் அடுக்கையும் அடர்த்தியையும் வைத்து மூளைப் புறணியைப் பகுதி பகுதியாகப் பிரித்து எண் கொடுத்தார். இன்றைக்கும் மருத்துவ மாணவர்கள் 17-ஆம் பகுதி என்றால் பார்வை, 4 என்றால் அசைவு என்று அந்த எண்களையே படிக்கிறார்கள். அவருடைய மனிதப் படத்தில் 13 முதல் 16 வரையும் 48 முதல் 51 வரையும் எண்கள் இல்லை. அவை மற்ற விலங்குகளின் மூளையில் அவர் கண்ட பகுதிகளுக்கானவை. மனிதனை மட்டும் பார்ப்பவருக்கு இது அச்சுப்பிழை மாதிரித் தெரியும். உண்மையில், அந்தப் படம் பல உடல்களிலிருந்து சேர்த்தது என்பதற்கு எஞ்சியிருக்கும் தடயம் அந்த இடைவெளிதான். அவர் அப்போதே வரைந்த மூளைகளில் ஒன்று மார்மோசெட் என்ற சின்னக் குரங்கினுடையது.

மார்மோசெட் வடகிழக்குப் பிரேசில் காடுகளைச் சேர்ந்தது. எடை 300, 400 கிராம். நம்ம ஊர்த் தேவாங்கைவிடக் கொஞ்சம் கனம், அவ்வளவுதான். மூளை சுமார் 8 கிராம். மனித மூளையில் சுமார் 8600 கோடி நரம்பணுக்கள் என்றால் இதில் 63 கோடி. ஜப்பான் 2014-இல் தொடங்கிய தேசிய மூளைத் திட்டம் இந்தக் குரங்கையே மையமாக வைத்தது. ஏன் இது? சிறியது, கூண்டில் பெருகும், பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும், ஒன்றரை வருஷத்தில் வளர்ந்துவிடும். புறணியில் மடிப்பு அநேகமாக இல்லை, வழவழவென்று இருக்கிறது. மனித மூளையில் பள்ளங்களுக்குள் ஒளிந்திருக்கும் பகுதிகள் இதில் மேலேயே கிடைப்பதால் கருவிக்கு எட்டும். மரபணுவை மாற்றி, அந்த மாற்றம் அடுத்த தலைமுறைக்கும் போகும்படி செய்யப்பட்ட முதல் குரங்கும் இதுதான், 2009-இல். எலியைவிட மனிதனுக்கு நெருக்கம், பெரிய குரங்கைவிடச் செலவு குறைவு.

சரி, படத்தை எப்படி எடுக்கிறார்கள்? மூளையில் எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்பது ஒரு வரைபடம். எந்தப் பகுதியிலிருந்து எந்தப் பகுதிக்குக் கம்பி போகிறது என்பது இன்னொரு வரைபடம். முதலாவதற்கு இறந்த மூளை போதும். உறையவைத்துச் சீவி, சாயமேற்றிப் படமெடுக்கலாம். ‘தரணி’ அடிப்படையில் அந்த வகை. இரண்டாவதுதான் சிக்கல். கம்பியின் போக்கைத் தெரிந்துகொள்ள, தடம் காட்டும் பொருளொன்றை உயிருள்ள மூளையின் ஒரு புள்ளியில் செலுத்த வேண்டும். நரம்பணுவே அதைத் தன் இழை வழியாகச் சுமந்து போகும். சில வாரம் காத்திருந்து, பிறகு அந்த உயிரை முடித்து, மூளையை எடுத்துப் பார்க்க வேண்டும். மனிதனிடம் இதைச் செய்ய முடியாது. எம்.ஆர்.ஐ.யில் நீரின் அசைவை வைத்து இழைகளின் போக்கை ஊகிக்கலாம்தான். ஆனால் செய்தி எங்கிருந்து எங்கே போகிறது என்பதை அது சொல்லாது. இழைகள் குறுக்கிடும் இடங்களில் குழம்பியும் போகும். ஆகவே, மூளையின் கம்பிப் பின்னலைப் பற்றி உறுதியாக நாம் சொல்வதில் பெரும்பகுதி விலங்கைக் கொன்று தெரிந்துகொண்டது.

அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தைச் சேர்ந்த பார்த்தா மித்ரா, சென்னை ஐ.ஐ.டி.யில் எச்.என். மகாபலா பெயரிலான இருக்கையையும் வகித்தவர். அவர் குழுவும் ஜப்பானின் ரிக்கென் நிறுவனமும் சேர்ந்து மார்மோசெட்டுக்கு இதைச் செய்த முறை 2019-இல் வெளியாயிற்று. உறைந்த மூளையை 20 மைக்ரான் கனத்தில், அதாவது தலைமுடியின் கனத்தில் மூன்றில் ஒரு பங்காகச் சீவுகிறார்கள். சீவல் கிழியாமலிருக்க ஒட்டுநாடாவில் ஒற்றியெடுத்துக் கண்ணாடித் தகட்டுக்கு மாற்றுகிறார்கள். அடுத்தடுத்த நான்கு சீவல்களுக்கு நான்கு விதமான பதப்படுத்தல்: ஒன்றில் செல்கள் தெரியும், இன்னொன்றில் நரம்பிழையின் உறை தெரியும், மற்ற இரண்டில் தடம் தெரியும். மூளையின் நீளம் சுமார் மூன்று சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் ஒரு குரங்குக்கு 1500 சீவல். அதன்பிறகு, சீவுமுன் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தைச் சட்டகமாக வைத்துக் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி, ஒரு பொது மூளைக்குள் பொருத்துகிறார்கள். அந்தப் பொது மூளை எந்தக் குரங்கினுடையதும் இல்லை. வரைபடம் உருவாகும் அந்தக் கணத்தில்தான் உடல் காணாமல் போகிறது.

இதனால பிரயோஜனமே இல்லை என்று சொல்வது பொய். பார்க்கின்சன் நோயில் கை நடுக்கத்தைக் குறைக்க மூளைக்குள் மின்கம்பி பொருத்தும் சிகிச்சை சென்னை ஆஸ்பத்திரிகளிலும் நடக்கிறது. எந்த இடத்தில் பொருத்தலாம் என்பதற்கான முக்கியமான ஆதாரங்களில் ஒன்று, 1990-இல் குரங்குகளுக்கு நச்சுப்பொருளால் அந்த நோயை வரவழைத்து, மூளையின் அடியாழத்திலுள்ள ஒரு சிறு பகுதியைச் சிதைத்துப் பார்த்ததில் கிடைத்தது. நம் வீட்டில் ஒருவருக்குக் கை நடுங்கினால் நாம் வேண்டாமென்று சொல்லப்போவதில்லை. எதிர்ப்பைப் பேசுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடக் கூடாது.

அடையாறுக்கு இந்த விஷயத்தில் இன்னொரு சரித்திரமும் உண்டு. கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்து 1953-இல் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழிவிட்டது. அந்தச் சட்டத்தின் கீழ் 1962-இல் அமைந்த விலங்குநல வாரியத்தின் முதல் தலைவர் அவர். 2018-இல் ஹரியானாவுக்குப் போகும்வரை வாரியத்தின் தலைமையகம் சென்னையில் இருந்தது. ஆனால் அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவு, அறிவு வளர்ச்சிக்காகவும் உயிர் காப்பதற்காகவும் செய்யும் சோதனைகள் குற்றமாகாது என்கிறது. கருணைச் சட்டத்துக்குள்ளேயே ஆய்வுக்கூடத்துக்கு ஒரு வாசல். 17-ஆம் பிரிவோ, சிறிய விலங்கை வைத்து அதே முடிவைப் பெற முடியுமானால் பெரிய விலங்கைத் தவிர்க்கச் சொல்கிறது. சோதனைகளுக்குப் பதிவேடு வைக்கவும் சொல்கிறது. எலி, முயல், தவளை என்று சட்டம் உதாரணம் காட்டும் ‘சிறியது’ என்ற அளவுகோலை ஒரு குரங்கின்மேல் வைத்தால் என்ன ஆகும்? உடல் சிறியதானால் வலியும் சிறியதாகிவிடுமா?

2024-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்றை வெளியிட்டார்கள். ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி மறைப்பு வைத்த மார்மோசெட்டுகள் கூப்பிட்டுக்கொள்ளும் குரலை அவர்கள் பதிவுசெய்தார்கள். யாரைக் கூப்பிடுகிறது என்பதைப் பொறுத்துக் குரல் மாறியது. தன்னைக் கூப்பிடுவதைக் கேட்ட குரங்கு கூடுதலாகப் பதில் சொன்னது. அதாவது, ஒன்றுக்கொன்று பெயர் மாதிரி ஒன்றை வைத்திருக்கின்றன. மனிதனையும் டால்பினையும் யானையையும் தவிர வேறு பிராணியிடம் இருப்பதாக அதுவரை தெரியாத பழக்கம் இது. இதைக் கண்டுபிடித்ததும் ஆய்வுக்கூடம்தான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தமக்குள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளும் ஜீவனுக்கு நம் ஏட்டில் ஓர் எண். வரைபடத்துக்குப் பெயர் உண்டு, ஆய்வு மையத்துக்குப் பெயர் உண்டு, இருக்கைக்கும் பெயர் உண்டு.

குரங்குக்குப் பெயர் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. அது வெறும் சடங்காகிவிடும். கேட்கக்கூடியது இரண்டு. ஒரு தடவை எடுத்த படம் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும், இன்னொரு ஊரில் அதே படத்துக்காக இன்னொரு உயிர் போகக் கூடாது. மார்மோசெட் படங்களையும் ‘தரணி’யையும் யாரும் இலவசமாகப் பார்க்கலாம் என்பது இந்த வகையில் நல்ல தொடக்கம். இரண்டாவது, பதிவேட்டில் இருப்பது வரைபடத்துக்கு வர வேண்டும். எத்தனை உடல், எங்கே வளர்ந்தவை, எத்தனை நாள் வைத்திருந்தார்கள், எப்படி முடித்தார்கள், மனித உடலானால் யார் சம்மதித்தார்கள் என்று படத்தின் ஓரத்திலேயே எழுதட்டும். ஆய்வுக் கட்டுரையின் உள்ளே எங்கோ சின்ன எழுத்தில் அது இருப்பது போதாது. பார்க்கிறவன் படத்தையும் அந்த வரியையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இதைக் கேட்க நரம்பியல் படித்திருக்கத் தேவையில்லை.