அச்சாணி அயலான் கையில்!

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் நாட்டுப் பழமொழி. தேருக்கு மட்டுந்தானா அந்த விதி? வானில் பறக்கும் ஊர்திக்கும் அதே விதிதான் தோழர்களே!

ஆன்டனோவ்-32 என்பது இந்திய விமானப் படையின் சரக்கு விமானம். அரிசி மூட்டையா, மருந்துப் பெட்டியா, படைவீரனா, எதுவானாலும் தூக்கிச் செல்லும் சுமை கூலி அது! பத்தாயிரம் அடிக்கு மேலே இருக்கும் லே போன்ற இடங்களில் காற்று மெல்லியது. அங்கே இயந்திரம் திணறும், இறக்கை தாங்காது. ஆகவேதான் முந்தைய ஆன்டனோவ்-26 மாதிரியைவிட ஏறத்தாழ இரு மடங்கு வலுவுள்ள இயந்திரங்களை, இறக்கைக்கு மேலே உயர்த்திப் பொருத்தினர். 1976-ல் முதன்முதல் பறந்தது; 1984 முதல் இங்கு வந்து சேர்ந்தது. நூற்றுக்கும் அதிகமாக வாங்கினோம்.

வாங்கியது விமானத்தை; வாங்காதது எதை? அதன் உயிர்நாடியை!

விமானத்தை வடித்த நகரம் கீவ். இயந்திரம் பிறந்த ஊர் சபோரிஷியா. இரண்டும் உக்ரைனில். வேறு பல பாகங்களோ ரஷ்யாவில். சோவியத் ஒன்றியம் ஒரு வீடாக இருந்தவரை ஒரே கடிதம் போதும். 1991-ல் வீடு உடைந்தது, அடுப்பு இரண்டாயிற்று!

2009-ல் 105 விமானங்களைப் புதுப்பிக்க உக்ரைனோடு ஒப்பந்தம்; மதிப்பு சுமார் 40 கோடி டாலர். 40 விமானங்களுக்கு அங்கே வேலை. 65 விமானங்களுக்குக் கான்பூரில். திட்டம் நல்ல திட்டந்தான். ஆனால் 2014-ல் கிரிமியாவை ரஷ்யா கைப்பற்றியது. ரஷ்யாவோடு இராணுவத் தளவாட உறவே வேண்டாம் என்றது உக்ரைன். அண்ணன் தம்பி சண்டை அங்கே. பாகம் வராமல் வேலை தடைப்பட்டது கான்பூரிலே! 2022-ல் முழுப் போரே மூண்டுவிட்டது.

"நம் பட்டறையில் லேத் இல்லையா? கடைந்து போட்டால் என்ன?" என்று கேட்பீர்கள். கடையலாம், தோழா! வடிவம் வந்துவிடும். எந்த உலோகக் கலவை, எவ்வளவு சூட்டில் பதம், எத்தனை மணி நேரம் பறந்தபின் கழற்றி எறிவது? இந்தக் கணக்கு வரைபடக்காரனின் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறதே! அவன் ஒப்பமின்றிப் பொருத்திய திருகாணி, விமானியின் உயிரோடு ஆடும் சூதாட்டம்.

இரும்பைப் பற்றிய பேச்சல்ல இது. 2016 ஜூலை 22-ல் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஆன்டனோவ்-32, 29 பேரோடு வங்கக் கடல்மீது மறைந்தது. 2024 சனவரியில்தான், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகள் கிட்டிய செய்தி வந்தது. பாகக் குறைதான் காரணம் என்று நான் பழி கூற வரவில்லை, அதற்குச் சான்றில்லை. ஆனால் ஏறி அமர்பவன் ஒவ்வொருவனும் ஒரு தாயின் மகன் என்பதை மறக்கலாமோ?

2021-ல் வேறொரு விமானத்துக்கு ஒப்பந்தம்: சி-295. மொத்தம் 56, 16 ஸ்பெயினிலிருந்து வர, 40 வடோதராவில் உருவாக வேண்டும். வரவேற்கிறோம்! ஆனால் அதன் இயந்திரம் இன்னமும் கனடாச் சரக்குத்தான்.

பறவையை விலை கொடுத்து வாங்கலாம். சிறகு முளைக்கும் வித்தையை உழைத்துத்தான் கற்க வேண்டும். வரைபடம் கேளுங்கள், உலோகக் கணக்கைக் கேளுங்கள், நம் தொழிலாளிக்குப் பயிற்சி கேளுங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள்! அச்சாணி நம் பட்டறையில் பிறக்கும் நாளில்தான், தேர் நம்முடையது.