வாரம் ஒரு காண்டாட்டா

ஈஸ்டர் மிகச் சீக்கிரம் வந்துவிடும் ஆண்டுகளில் மட்டும் லூத்தரன் திருச்சபையின் நாட்காட்டியில் ஒரு கூடுதல் ஞாயிறு இடம்பெறும்: திரித்துவத் திருநாளுக்குப் பின்வரும் 27ஆம் ஞாயிறு. யோஹான் செபாஸ்டியன் பாக் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பணியாற்றிய 27 ஆண்டுகளில் அந்த ஞாயிறு 1731இலும் 1742இலும் மட்டுமே வந்தது. அன்றைக்கான நற்செய்தி வாசகம், மணவாளனுக்காக விளக்கேந்திக் காத்திருந்த பத்துக் கன்னியர் உவமை. அதற்காக பாக் எழுதி 1731 நவம்பர் 25 அன்று பாடவைத்த இசை ஏறத்தாழ அரை மணி நேரம் ஓடும். அவருடைய படைப்புகளின் பட்டியலில் 140ஆம் எண் கொண்ட அந்தக் காண்டாட்டா இன்று உலகமெங்கும் பாடப்படுகிறது. 27 ஆண்டுகளில் இரண்டே முறை தேவைப்பட்ட இசைக்கு அத்தனை உழைப்பு!

காண்டாட்டா என்ற இசைவடிவத்தில் கதை இருக்கலாம், பாத்திரங்களும் இருக்கலாம். வேடமும் நடிப்பும் கிடையாது. பாடகர்கள் நின்ற இடத்திலேயே நின்று, வாத்தியங்கள் துணைவரப் பாடுவார்கள். 'ரெசிட்டேட்டிவ்' என்ற பகுதி தாளக்கட்டைத் தளர்த்தி, பேச்சின் ஓட்டத்திலேயே செய்தியைச் சொல்லிக்கொண்டு போகும். நம் திரைப்பாடல்களில் பல்லவிக்கு முன்னால் வரும் தொகையறாவைப் போல. அதையடுத்து வரும் 'ஆரியா' முழுப் பாட்டு. கதை அங்கே நின்றுவிடும். மனநிலை மட்டும் பாட்டாக விரியும். இந்த இரண்டும் மாறி மாறி வருவதுதான் அதன் அடிப்படைக் கட்டுமானம்.

பிறந்த இடம் இத்தாலி. 1620 வாக்கில் வெனிஸில் வெளிவந்த அலெஸாண்ட்ரோ கிராண்டியின் தொகுப்பொன்றின் தலைப்பில் இந்தப் பெயர் அச்சேறியது. ஒற்றைக் குரலுக்கான பாடல்கள் அவை. அதே நகரில் பார்பரா ஸ்ட்ரோட்ஸி, தந்தையின் வீட்டில் கூடிய கவிஞர்களுக்கும் அறிஞர்களுக்கும் முன்னால் தானே பாடியவர். 1644 முதல் 1664 வரை எட்டுத் தொகுப்புகளை அச்சிட்டு வெளியிட்டார். அரண்மனையிலோ ஆலயத்திலோ அவருக்குப் பதவி எதுவும் இருந்ததில்லை. அந்தக் காலத்துப் பெண் ஒருவர் தன் பெயரிலேயே இவ்வளவு இசையை அச்சேற்றியது பெரிய சாதனை.

ரோமில் நிலைமை வேறு. பெண்கள் மேடையேறக் கூடாது; திருத்தந்தையின் ஆணையால் ஓபரா அரங்குகளும் அவ்வப்போது மூடப்பட்டன. இசை ரசிகர்களான கர்தினால்களும் பிரபுக்களும் தங்கள் மாளிகைக் கூடங்களில் காண்டாட்டாவைக் கேட்டு அந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டார்கள். இசையமைப்பாளர் அலெஸாண்ட்ரோ ஸ்கார்லாட்டி ஒருவரே 600க்கு மேல் எழுதினார். இருபதுகளின் தொடக்கத்தில் இத்தாலிக்கு வந்த ஹாண்டல், ருஸ்போலி பிரபுவின் வீட்டில் தங்கிப் பல காண்டாட்டாக்களை எழுதினார். படியெடுத்தவர்களுக்குக் கூலி கொடுத்த கணக்குகள் அந்த வீட்டு ஏடுகளில் பதிவாகியிருப்பதால், எது எப்போது எழுதப்பட்டது என்பதைக்கூட ஆய்வாளர்கள் கண்டறிய முடிந்தது.

மாளிகைக் கூடத்திலிருந்து இந்த வடிவத்தை ஜெர்மனியின் ஆலயத்துக்குள் கொண்டுவந்ததில் பெரும்பங்கு எர்ட்மான் நோய்மைஸ்டர் என்ற போதகருக்கு உண்டு. 1700க்குப் பிறகு அவர் ரெசிட்டேட்டிவுக்கும் ஆரியாவுக்கும் ஏற்ற கவிதைகளை ஞாயிறுதோறும் பாடுவதற்காக எழுதினார். ஓபராவின் சாயல் ஆலயத்துக்குள் நுழைவதா என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள்.

1722இல் புனித தாமஸ் பள்ளிக்கும் நகர ஆலயங்களுக்கும் இசைத் தலைவராக லைப்சிக் நகரசபை தேடியது இசையமைப்பாளர் டெலிமானை. அவர் வரவில்லை. அடுத்துத் தேர்வான கிரௌப்னரை அவருடைய எஜமானர் விடவில்லை. அதன் பிறகே பாக்குக்கு அந்த வேலை கிடைத்தது. 1723 மே 30 அன்று புனித நிக்கோலாஸ் ஆலயத்தில், அந்தப் பதவியில் அவருடைய முதல் காண்டாட்டா ஒலித்தது. பிரசங்கத்துக்கு முன் ஒரு பாதி, பின் ஒரு பாதி, மொத்தம் 14 பகுதிகள்.

ஞாயிறுகளும் திருநாள்களும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 60 காண்டாட்டாக்கள் தேவைப்பட்டன. பாக் எழுதி முடித்ததும், ஒவ்வொரு பாடகருக்கும் வாத்தியக்காரருக்கும் உரிய பகுதியைத் தனித்தனியே படியெடுக்க வேண்டும். மாணவர்களும் குடும்பத்தாரும் அதில் கைகொடுத்தார்கள். மனைவி அன்னா மக்டலேனாவின் கையெழுத்தும் அந்தத் தாள்களில் இருக்கிறது. ஒத்திகைக்குக் கிடைத்த நேரம் மிகக் குறைவு. பெண்கள் ஆலயத்தில் பாட அனுமதி இல்லாததால், உச்சக்குரல் பகுதிகளும் புனித தாமஸ் பள்ளிச் சிறுவர்களுக்கே. அந்தச் சிறுவர்களைப் பற்றி 1730 ஆகஸ்டில் நகரசபைக்கு எழுதிய மனுவில் பாக் கணக்குக் கொடுத்திருக்கிறார்: 17 பேர் தேறியவர்கள், 20 பேர் இன்னும் தேறாதவர்கள், 17 பேர் எதற்கும் உதவாதவர்கள். இப்படிப்பட்ட நிலையில்தான் அந்த இசை பிறந்தது. 1724 ஜூனில் தொடங்கி அடுத்த ஆண்டு மார்ச் வரை, ஏறத்தாழ நாற்பது வாரத்துக்கு, மக்களுக்குப் பழகிய ஒரு கீதத்தை ஒவ்வொரு முறையும் எடுத்து அதன்மேல் ஒரு முழுக் காண்டாட்டாவைக் கட்டினார். ஐரோப்பிய இசையில் அதற்கு இணையான ஓர் ஆண்டு வேலையைச் சொல்வது கடினம்.

ஆலயத்துக்கு வெளியேயும் அவர் எழுதினார். 1734 வாக்கில் வந்த 'காபி காண்டாட்டா'வில், காபியை விடாத மகளிடம் அப்பா புதுத் துணி கிடையாது, உலாவப் போகக் கூடாது என்று மிரட்டிப் பார்க்கிறார். கல்யாணமே இல்லை என்றதும்தான் அவள் இறங்கிவருகிறாள். ஆனால் காபி குடிக்க விடுவதாக எழுதிக் கொடுப்பவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ரகசியமாகச் சொல்லிவைக்கிறாள். பாக் தலைமையேற்ற இசைக்குழு கச்சேரி நடத்திவந்த இடமே சிம்மர்மானின் காபிக் கடைதான்.

1750இல் பாக் இறந்ததும் கையெழுத்துப் பிரதிகள் மனைவிக்கும் மகன்களுக்கும் பங்கு பிரிந்தன. மூத்த மகன் வில்ஹெல்ம் பிரீடமான் பணமுடையில் தன் பங்கை விற்றார். இன்னொரு மகன் கார்ல் பிலிப் எம்மானுவேல் பத்திரமாக வைத்திருந்தார். ஆலயக் காண்டாட்டாக்களில் சுமார் 200 தப்பின. ஒரு பகுதி தொலைந்தே போனது. நூறாண்டுக்குப் பின் 1850இல் தொடங்கிய பாக் சங்கம் அடுத்த ஆண்டு கொண்டுவந்த முதல் தொகுதியிலேயே பத்துக் காண்டாட்டாக்களை அச்சிட்டது.

பிரான்சில் இந்த வடிவம் பரீட்சையாகவே ஆனது. 'பிரி த ரோம்' பரிசுக்குப் போட்டியிட்ட இளம் இசையமைப்பாளர்கள் அறைக்குள் அடைக்கப்பட்டு, கொடுக்கப்பட்ட கவிதைக்குக் காண்டாட்டா எழுத வேண்டும். 1830 ஜூலையில் பாரிஸ் தெருக்களில் புரட்சி வெடித்தபோது பெர்லியோஸ் அப்படித்தான் உள்ளே எழுதிக்கொண்டிருந்தார், பரிசும் வென்றார். 1913இல் 19 வயது லிலி பூலாஞ்சே இசைக்கான முதல் பரிசைப் பெற்ற முதல் பெண் ஆனார். இருபதாம் நூற்றாண்டில் பார்டோக், புரோகோபீவ், பிரிட்டன் ஆகியோரும் காண்டாட்டா எழுதினார்கள்.

பாக்கின் ஆலயக் காண்டாட்டாக்களை ஜப்பானியரான மசாக்கி சுசுகி 1995 முதல் 2013 வரை முழுமையாகப் பதிவுசெய்தார். ஜான் எலியட் கார்டினர் 2000ஆம் ஆண்டு முழுவதும் ஊர் ஊராகச் சென்று, இயன்றவரை அந்தந்தக் காண்டாட்டாவை அதற்குரிய திருநாளிலேயே பாடவைத்தார். லைப்சிக்கின் தாமஸ் ஆலயத்தில் சனிக்கிழமைப் பிற்பகல் வழிபாடுகளில் அதே தாமஸ் பள்ளியின் சிறுவர் பாடகர் குழு பாக்கின் காண்டாட்டாக்களை இன்றும் பாடிவருகிறது.