மாவுப்பூச்சிக்கு ஒரு பகைவன்

மயிலையிலும் அடையாற்றிலும் நம் வீட்டுச் செம்பருத்தியில் வெண்பஞ்சு ஒட்டினாற்போல் மாவுப்பூச்சி படர்ந்தால், உடனே பூச்சிமருந்தைத் தேடுகிறோம். சற்றுப் பொறுப்போம். அதன் மெழுகுப் போர்வையை மருந்து எளிதில் ஊடுருவாது.

இவ்வினத்துள் ஒன்றான பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோவையில் காணப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி அனைத்தையும் அது வாட்டியது. அயல்நாட்டிலிருந்து வந்த அதனோடு, அதனை அடக்கும் பகைவன் வரவில்லை. மருந்துமேல் மருந்து தெளித்தும் பயன் காணாது, தோட்டத்தையே அழித்த உழவரும் உண்டு.

2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து 'அசரோபேகஸ் பப்பாயே' என்னும் சின்னஞ்சிறு குளவி வரவழைக்கப்பட்டு, பெருக்கப்பட்டு, தோட்டங்களில் விடப்பட்டது. அது மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். பொரிக்கும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். நாளடைவில் கொள்ளை தணிந்தது.

ஆயினும் நஞ்சு தெளித்த இடத்தில் இக்குளவி பிழைப்பது அரிது. ஆகவே, தாக்குண்ட கிளையை வெட்டி அகற்றுவோம். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவோம். இனிப்புநீருக்காகப் பூச்சியைக் காத்து நிற்கும் எறும்புகளைத் தடுப்போம். பொறிவண்டையும் குளவியையும் நம் பிள்ளைகளுக்கு அடையாளம் காட்டுவோம். பகைவன் யார், காவலன் யார் என்பதை மருந்து அறியாது. நாம்தான் அறிய வேண்டும்.