பாக்டீரியாவைக் கொல்லும் பெப்டைடு நம் செல்லை விட்டுவைப்பது எப்படி?

ஆப்பிரிக்க நகத் தவளைகளுக்கு அறுவை செய்து தைத்து, கிருமிகள் நிறைந்த தொட்டிநீரில் விட்டாலும் புண் சீழ்பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டார் அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் சாஸ்லாஃப். தவளைத் தோலில் அவர் கண்டெடுத்த மகைனின் என்னும் பெப்டைடு 1987-இல் உலகுக்குத் தெரிந்தது. 23 அமினோ அமிலங்கள், அவ்வளவுதான்.

மகைனினுக்கு நேர்மின்னூட்டம். பாக்டீரியா சவ்வின் வெளிப்புறத்தில் எதிர்மின் கொழுப்புகள் மிகுதி என்பதால் அங்கே போய் ஒட்டி, சுருளாக மடிகிறது. சுருளின் ஒரு பக்கம் நீரை விரும்பும். மறுபக்கம் நீரை வெறுத்துக் கொழுப்புக்குள் புகும். சவ்வு ஓட்டையாகிறது, பாக்டீரியா சாகிறது. நம் செல்களின் வெளிப்புறம் ஏறக்குறைய மின்நடுநிலை. கொலஸ்ட்ராலும் சவ்வை இறுக்கிக் காக்கிறது. (கெட்ட பெயர் வாங்கிய கொலஸ்ட்ராலுக்கு இப்படியும் ஒரு வேலை!)

எல்லாப் பெப்டைடுகளும் இப்படி ஆள் பார்த்து அடிப்பதில்லை. தேனீ விஷத்திலுள்ள மெலிட்டின் நம் சிவப்பணுக்களையும் உடைத்துவிடும். நீர்வெறுப்பு மிகுந்தால் மின்னூட்டத்தின் ஈர்ப்பு இல்லாமலே எந்தச் சவ்விலும் நுழைய முடியும். ஆகவே மருந்துப் பெப்டைடுகளை வடிவமைப்பவர்கள் நீர்வெறுப்புப் பக்கத்தின் நடுவே நேர்மின் கொண்ட லைசின் ஒன்றைச் செருகிப் பார்க்கிறார்கள். எதிர்மின் சவ்வில் பிடிப்பு தொடரும். நடுநிலைச் சவ்வில் தளரும். எனக்கு மிகவும் பிடித்த உத்தி வேறொன்று: அமினோ அமிலங்களின் கண்ணாடிப் பிம்ப வடிவங்களால் பெப்டைடைக் கட்டுவது. நம் உடலின் நொதிகளால் அதை எளிதில் வெட்ட முடியாது. சவ்வைத் துளைக்கும் திறனோ குறைவதில்லை.

மகைனினிலிருந்து உருவான பெக்சிகனான் களிம்பு, நீரிழிவு நோயாளிகளின் பாதப்புண்ணுக்காக மருத்துவச் சோதனைகள் வரை சென்றது. 1999-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி மறுத்தது.