கருமணல் கரையின் நோய்க்கணக்கு

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பதை ஜெர்மானியரான ஷோம்பெர்க் 1909-ல் கண்டறிந்தார். மோனசைட்டில் தோரியம் உண்டு. அதனால் அந்தக் கரையோர ஊர்களில் இயற்கைக் கதிர்வீச்சு கூடுதல். அங்கே ஒருவருக்குப் புற்றுநோய் என்றால் முதல் சந்தேகம் மணல்மீதுதான். அதே மாவட்டத்தின் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் அணுக்கனிமம் எடுக்கும் மத்திய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல்.-இன் திட்டம் வந்தபின் அந்தப் பேச்சு போராட்டமாகவே மாறிவிட்டது.

சந்தேகத்தைத் தீர்க்க நோய்க்கணக்கு வேண்டும். கேரளத்தின் கருநாகப்பள்ளியிலும் இதே மணல்தான். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1990 முதல் அங்கே வீடுவீடாக விவரம் திரட்டியது. ஏறத்தாழ 70,000 பேரைப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009-ல் வெளிவந்தது. 1,379 பேருக்குப் புற்றுநோய். கதிர்வீச்சால் அது கூடியதாகத் தெரியவில்லை என்றது. அந்த முடிவை நம் கரைக்கு அப்படியே ஒட்டவைப்பது நியாயமில்லை. இங்கே தனியாக எண்ண வேண்டும்.

தமிழ்நாடு முழுமைக்குமான புற்றுநோய்ப் பதிவேட்டை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஒருங்கிணைக்கிறது. ஆனால் மாவட்டத்துக்கு ஒரே விகிதம் போட்டால் மலையோரமும் கடலோரமும் கலந்துவிடும். ஊர்வாரியாகப் பிரித்தால்தான் பயன். சிக்கலும் அங்கேதான். பெயரை நீக்கினால் போதும் என்பது சென்னைக்குச் சரி. சிறிய மீனவ ஊரில் ‘பெண், வயது 34, மார்பகப் புற்று’ என்று எழுதினாலே குருசடி முன் நிற்பவர்களுக்கு ஆள் தெரிந்துவிடும். அந்த வீட்டுப் பிள்ளையின் கல்யாணப் பேச்சு வரை அது போகும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2019-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா உடல்நலத் தகவலை நுண்ணுணர்வுத் தகவலாகத் தனியே வைத்தது. 2023-ல் நிறைவேறிய எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த வகை இல்லை. 17-வது பிரிவு ஆராய்ச்சிக்கு விலக்கும் தருகிறது: விதித்த தரங்களைப் பின்பற்ற வேண்டும், அந்தத் தகவலை வைத்துத் தனியொருவரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது, அவ்வளவுதான். 2025 நவம்பரில் வந்த விதிகள் தேவையான அளவே திரட்டு, பத்திரமாக வை என்கின்றன. ஊருக்கு முடிவைச் சொல் என்று எங்கும் கட்டாயமில்லை. எனக்கு இது பெரிய ஓட்டையாகவே படுகிறது. ரத்தமும் விவரமும் கொடுத்த மக்களுக்குத் தெரியாமல் கட்டுரை மட்டும் வெளிநாட்டு இதழில் வந்து என்ன பயன்?

சின்ன ஊர்களின் கணக்கை ஒன்றாகச் சேர்த்து வெளியிடுங்கள். ஆய்வு நெறிமுறைக் குழுவில் கடற்கரைக்காரர் ஒருவரை உட்காரவையுங்கள். படிவத்தோடு வீட்டுக்கு யாராவது வந்தால், கையெழுத்துப் போடுமுன் நீங்களும் கேளுங்கள்: இது யார் கைக்குப் போகும், முடிவை எங்கள் ஊரில் வந்து எப்போது சொல்வீர்கள்?