கேமராவைக் கழுத்தில் மாட்டுகிறீர்களா?

வண்டலூர் உயிரியல் பூங்காவை ஒரு நாள் முழுக்கச் சுற்றிவிட்டு வந்து, மறுநாள் காலையில் ‘கழுத்தைத் திருப்பவே முடியலை டாக்டர்’ என்பவர்கள் உண்டு. ‘நேத்து ரொம்ப நடந்துட்டேன், அதான்’ என்று காரணமும் சொல்வார்கள். நடந்தால் கால்தானே வலிக்க வேண்டும்? கழுத்து ஏன் வலிக்கிறது? நாள் பூராவும் அதில் தொங்கிய கேமராதான் காரணம்!

குடும்பப் படத்துக்கு இன்று மொபைல் போதும். ஆனால் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்திலும் வேடந்தாங்கலிலும் தூரத்துப் பறவையைப் படம்பிடிக்க நீள லென்ஸ் வேண்டியிருக்கிறது. அதோடு சேர்த்தால் கேமரா ஒன்றரை கிலோவிலிருந்து மூன்று கிலோ வரை கனக்கும்.

கழுத்து படும் பாடு

நம் தலையின் எடையே ஏறக்குறைய 5 கிலோ. கேமரா நெஞ்சுக்கு முன்னால் தொங்கும்போது அதன் வார் பிடரியை முன்பக்கமாக இழுக்கிறது. அதை எதிர்த்துப் பிடரித் தசைகள் ஓய்வில்லாமல் இழுத்துப் பிடிக்கின்றன. கழுத்தெலும்புத் தேய்மானத்தை, அதாவது சித்த மருத்துவம் சகன வாதம் என்று சொல்வதை, ஏற்கெனவே உடையவர்களுக்கு இது வலியைக் கிளப்பிவிடும்.

‘அப்போ ஒரு தோளில் மாட்டிக்கலாமா?’ என்பீர்கள். வார் நழுவாமல் இருக்க, நம்மை அறியாமலே அந்தத் தோளைத் தூக்கிக்கொண்டே நடப்போம். அதுவும் வலிதான்.

எப்படி மாட்டலாம்?

* ஒரு தோளிலிருந்து எதிர்ப்பக்க இடுப்புக்குக் குறுக்காக மாட்டுங்கள். கேமரா உடம்பை ஒட்டி இருக்கட்டும். ஆட ஆட பாரம் கூடும்.

* மெல்லிய வார் தோளை அறுக்கும். அகலமான, மெத்தை வைத்த வாராகப் பாருங்கள்.

* அரை மணிக்கு ஒரு தரம் தோளை மாற்றுங்கள்.

* கனமான லென்ஸ் என்றால் முதுகுப் பைதான் நல்லது. இரண்டு தோளிலும் மாட்டி, இடுப்புப் பட்டையையும் போடுங்கள். பாதிப் பாரத்தை இடுப்பு வாங்கிக்கொள்ளும்.

* தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறும்போது கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். நெரிசலில் வார் எதிலாவது சிக்கினால் கழுத்துக்கு ஆபத்து.

வலி வந்துவிட்டதா?

நொச்சி இலையை நல்லெண்ணெயில் வதக்கி, துணியில் முடிந்து, பத்து நிமிடம் இளஞ்சூட்டில் ஒற்றடம் கொடுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்குச் சூடு உறைக்காமல் போகலாம். வீட்டில் வேறொருவர் தொட்டுப் பார்த்துக் கொடுக்கட்டும். சலூனில் கழுத்துக்குச் சொடுக்கு எடுக்கவே கூடாது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடிபட்டுவிடலாம்.

விரல் மரத்துப்போனாலோ, கையில் பிடித்த பொருள் நழுவினாலோ நரம்பு அழுந்துகிறது என்று சந்தேகப்பட வேண்டும். தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கிறது.

முக்கியமான ஒன்று. இடது தோள் வலியோடு நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சு வாங்குதல் சேர்ந்து வந்தால், ‘கேமரா தூக்கின வலி’ என்று தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்!